ஜெயில் மடிப்பு

அவனுக்குச் சாவி என்று பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். ஒரு பூட்டைக்கூட அவன் ஒழுங்காகத் திறந்தது கிடையாது. உடைப்பான். உடைக்கிற சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்ளும். முதல் தடவை ஒரு மருந்துக்கடையின் பின்கதவில் கை மாட்டிக்கொண்டு பிடிபட்டான். அடுத்த தடவை திருடப் போன வீட்டில் மெத்தை புதிதாக இருந்ததாம், கொஞ்சம் சாய்ந்து பார்த்தான். வெளியூர் போயிருந்த வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து எழுப்பினார்கள். அதற்கடுத்த தடவை குடித்துவிட்டு, பழைய மருந்துக்கடைக்கே போய் அதே கதவில் அதே கையை விட்டான்.

"எந்தத் தொழிலா இருந்தாலும் முன்னேற்றம்னு ஒண்ணு வேணாமாடா?" என்று அவன் அக்கா ஜெயில் கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்.

அக்காவுக்கு வேலை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது. குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், புரட்டிப் போடுவாள். தம்பியையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தாள். அவன் தானாகத் திரும்பமாட்டான்; புண் வைப்பதற்குள் யாராவது புரட்டிப் போட்டால்தான் உண்டு. அழுதுகொண்டு புரட்டினாலும் சிரித்துக்கொண்டு புரட்டினாலும் முதுகுக்கு ஒன்றுதான் என்பது அவள் கட்சி. அவள் திட்டிக்கொண்டே புரட்டுவாள்.

மூன்றாம் தடவை அவனை முன்கூட்டியே வெளியே விட்டார்கள். மீதித் தண்டனையை அக்கா வீட்டில் இருந்தே கழிக்கலாம். குடிக்கக் கூடாது. ஒரு வேலையில் சேர்ந்து அரை வருஷம் நிலைத்திருக்க வேண்டும். தவறினால் மறுபடி உள்ளே. அவன் தவறாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு போட்டிருந்தார்கள். அதுவரை காவல் நிலையம், நன்னடத்தை அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம், குடி மறப்பு மையம், வீட்டுவசதி அலுவலகம் என்று ஐந்தும் தனித்தனியாகச் சொதப்பிக்கொண்டிருந்தன. இனிமேல் கைகோத்துக்கொண்டு சொதப்பலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது.

கூட்டம் நடக்கும் அறையில் நீள மேசை, ஒரு தட்டு பிஸ்கட், சுவரில் ஒரு பெரிய படம். படத்தில் ஐந்து கட்டங்கள். ஐந்திலிருந்தும் அம்புகள் புறப்பட்டு நடுவில் இருக்கும் வட்டத்தைப் போய்க் குத்தின. வட்டத்துக்குள் சாவி. தன்னை அப்படிப் பார்த்ததும் அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டான். யாரும் பிஸ்கட் நீட்டவில்லை.

முதல் வேலை ஒரு மரக்கடையில் கிடைத்தது. அவன் வேலையில்தான் இருக்கிறானா என்று பார்க்கக் காவலர் வந்தார். காவலர் சரியாகப் பார்த்தாரா என்று பார்ப்பதுபோல நன்னடத்தை அலுவலர் வந்தார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். விதையைப் போட்டுவிட்டு முளைத்ததா என்று தினம் தோண்டிப் பார்க்கிற விவசாயம்.

"உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லப்பா," என்றார் கடைக்காரர். "ஆனா மரம் வாங்க வர்றவங்களைவிட உன்னைப் பார்க்க வர்றவங்கதான் அதிகமா இருக்காங்க. நான் கடை நடத்தணுமா, கண்காட்சி நடத்தணுமா?"

அடுத்தது ரொட்டிக்கடை. அங்கே குடி மறப்பு மைய ஆலோசகர் கல்லாவுக்கு எதிரில் நின்றுகொண்டு, வாடிக்கையாளர்கள் காதுபட, "குடிக்கணும்னு தோணுதா? பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று கேட்டார். சாவியின் கையில் சூடான தட்டு. சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னான்: "பத்து." அன்றைக்கே அந்த வேலையும் போனது.

குழு கூடியது. வேலையில் நிலைத்து நிற்கும் குணம் இவரிடம் இல்லை என்று வருத்தப்பட்டது. ஆகவே இன்னும் அடிக்கடி போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தது. இனி ஒரு வேலை போனால் ஜெயில்தான் என்றும் சொல்லி அனுப்பியது. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காவிட்டால் பானையைத் திட்டலாம். ஓட்டை போட்டவனே திட்டினால் என்ன செய்வது?

மூன்றாவது வேலை ஒரு லாண்டரியில். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். கொதிகலன் ஒரு பக்கம் இரையும். அதற்கு மேலே முதலாளியம்மாவின் குரல் இரையும். அவள் சாவியை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு போர்வைக் குவியலைக் காட்டி மடிக்கச் சொன்னாள். அவன் மடித்தான். மூன்று போர்வை ஆனதும், "போதும், நாளைக்கு வா" என்றாள். எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி இல்லை.

"கேட்டா மறைக்காதே. கேக்கலைன்னா வாயைத் திறக்காதே," என்றாள் அக்கா.

வேலை அவனுக்குப் பிடித்துப்போனது, அவனுக்கே ஆச்சரியமாக. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் சாகும்வரை போகாது என்பதையெல்லாம் கற்றுக்கொண்டான். நாள் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு வந்தால் குடிக்கத் தோன்றவில்லை, படுக்கத்தான் தோன்றியது. காலையில் எழுந்ததும் தன் போர்வையை இழுத்து நீவி, மூலையைச் சொருகி, செங்கல் மாதிரி மடித்துத் தலைமாட்டில் வைப்பான். வெளியே வந்த நாளிலிருந்து அப்படித்தான். யாரோ எண்ணிப் பார்க்க வரப்போகிறார்கள் என்பதுபோல. அக்காவுக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

இந்தத் தடவையாவது குழுவினர் வராமல் இருக்க வேண்டுமே என்று நன்னடத்தை அலுவலரிடம் போனான். நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசும் பெண்மணி அவர்.

"மேடம், கும்பிட்டுக் கேக்கறேன். அங்க மட்டும் வராதீங்க. நான் இங்க வந்து நிக்கறேன்."

"அது முடியாதுங்க. வேலை செய்யற இடத்துலயே நேர்ல பார்த்தோம்னு ஒவ்வொரு துறையும் எழுதணும். உங்க நல்லதுக்குத்தான்."

சாவிக்கு மூளை வேலை செய்யும் நாட்கள் குறைவு. செய்தால் இப்படித்தான் செய்யும். "அப்படின்னா அஞ்சு பேரும் ஒரே தடவையா வந்துட்டுப் போயிடுங்களேன்," என்றான்.

அலுவலரின் முகம் மலர்ந்துவிட்டது. குழுவில் சொன்னதும் எல்லார் முகமும் மலர்ந்தது. ஒருங்கிணைந்த வருகை! இத்தனை நாள் இது நமக்குத் தோன்றவில்லையே என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

"ஒவ்வொரு கொசுவா கடிச்சது பத்தலைன்னு கூட்டத்தோட கூப்பிட்டியா?" என்றாள் அக்கா. "உன்னைத் திருத்தறதுக்கு முன்னாடி உன் வாயைத் தைக்கணும்டா."

அவர்கள் வந்தார்கள். போலீஸ் ஜீப்பில், ஐந்து பேரும் நெருக்கியடித்துக்கொண்டு. மருத்துவமனை வண்டி பின்பக்கமாக வந்து நிற்க வேண்டிய வாசலில் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தினார்கள். வண்டி வெளியே நின்று ஹாரன் அடித்தது. காவலர் சீருடையோடு உள்ளே வந்து, "சாவி யாரு இங்க?" என்று கொதிகலனுக்கு மேல் கத்தினார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் தலை நிமிராமல் இன்னும் வேகமாக இஸ்திரி போட்டார்கள். சாவி கையில் பாதி மடித்த விரிப்போடு நின்றான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற சத்தம் அவனுக்கு நன்றாகவே கேட்டது.

முதலாளியம்மா கை துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன விஷயம்?"

"இது ஒரு கூட்டு முயற்சிங்க..." என்று அலுவலர் மெதுவாகத் தொடங்கினார்.

காவலருக்குப் பொறுமை இல்லை. "உங்ககிட்ட வேலை பார்க்கறவன் யாருன்னு தெரியுமாம்மா?"

"ஜெயில்ல இருந்தவன்."

காவலர் சாவியைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று சாவி தலையாட்டினான்.

"யார் சொன்னது?"

"அவன் மடிச்ச போர்வை சொல்லுச்சு. மூலையை உள்ள சொருகி, ஒரு பிசிறு வெளிய தெரியாம. இந்த மடிப்பு வேற எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்க? ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இப்படி மடிச்சாத்தான் பிடிக்குது, அலமாரியில இடம் அடைக்காதாம். அதோ இஸ்திரி போடறவங்களும் அங்க படிச்சுப் பாஸானவங்கதான்."

பெரியவர் இருமினார்.

"அப்போ உங்களுக்கு ஆட்சேபம் இல்லை," என்றார் அலுவலர் நிம்மதியாக.

"இருக்கு. ஜெயிலுக்குப் போனவனால எனக்குத் தொந்தரவு இல்லம்மா. வாசல்ல நிக்கற ஜீப்பாலதான் தொந்தரவு. ஆஸ்பத்திரியில படுக்கைக்கு விரிப்பு இல்லாம ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. இவனை வெச்சிருந்தா நீங்க வருவீங்கன்னா, இவனை இப்பவே உங்க ஜீப்புல ஏத்தி அனுப்பிடறேன். மடிக்கறதுக்கு வேற ஆள் கிடைப்பான். நீங்கதான் ஜெயிலுக்கு ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கீங்களே."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது சாவிக்குத் தெரிந்தது. விரிப்பைக் கீழே வைத்தான். செருப்பு எங்கே கழற்றினோம் என்று கண்ணால் தேடினான்.

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்தத் தடவை வேலை போனது யாரால் என்று எழுதும் கட்டம் அவர்களுடைய படத்தில் இல்லை. ஆனால் ஐந்து பேரும் சாட்சி.

"நேர்ல பார்க்காம எங்களால எழுத முடியாதுங்க," என்றார் அலுவலர். குரல் இப்போது நிஜமாகவே மெலிந்திருந்தது.

"பாருங்க, யார் வேணாம்னா? இங்க ரெண்டு வகை ஆளுங்கதான் வரலாம். வேலை செய்யறவங்க, துணி போடறவங்க. வேலை செய்ய உங்களால முடியாது. துணி கொண்டாங்க. ஒவ்வொருத்தரா, பக்கவாட்டு ஜன்னலுக்கு. ஜீப்பும் வேணாம், சீருடையும் வேணாம். இவன் கையிலயே வாங்கிக்கச் சொல்றேன். பார்த்த மாதிரியும் ஆச்சு, எனக்கு வியாபாரம் மாதிரியும் ஆச்சு."

ஹாரன் மறுபடி அடித்தது. அவர்கள் சரி என்றார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து துறைகளும் அழுக்கு மூட்டையோடு ஜன்னலில் வரிசையாக நின்றன. அப்போதுதான் அவர்களைச் சாவி சரியாகப் பார்த்தான். அன்றுவரை அவர்கள்தானே அவனைப் பார்த்தார்கள்? காவலருடைய பனியன் முழுக்க ஓட்டை. வீட்டுவசதிக்காரரின் போர்வையில் நாய் முடி. ஆலோசகரின் சட்டையை வாங்கியபோது பழக்கப்பட்ட ஒரு வாடை வந்தது. அவர் வழக்கம்போலக் கேட்டார்:

"குடிக்கணும்னு தோணுதா? பத்துக்கு எவ்வளவு?"

சாவி சட்டையை மூக்கருகே கொண்டுபோய் இறக்கினான். "எனக்கு ரெண்டு சார். உங்களுக்கு?"

ஆலோசகர் அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாவியும் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவைத் தவிர.

அரை வருஷம் முடிந்தது. பல துறைகள் கைகோத்தால் குற்றம் குறையும் என்பதற்கு இதுவே சான்று என்று குழு மகிழ்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காக்கைகள் எல்லாம் சேர்ந்து கூட்டம் போட்டன. நடுவில் அவனை நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்பட்டார்கள். அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து இரட்டிப்பு மூட்டை. முதலாளியம்மா விடவில்லை. அவன் இல்லாமலே ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அவன் தேவைப்படவும் இல்லை.

மறுநாள் காலை அக்கா வேலைக்குக் கிளம்பும்போது அவன் முன்னாலேயே போயிருந்தான். அவன் போர்வை தரையில், பாம்பு உரித்துப் போட்ட தோல் மாதிரி, பாதி பாய் மேலும் பாதி வெளியிலுமாகக் கிடந்தது.

"ஊரு போர்வையெல்லாம் மடிக்கறான்," என்று முணுமுணுத்தாள். மடித்து வைக்கக் குனிந்தவள் மடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள். வியர்வை நாற்றம், சோப்பு நாற்றம், வேறொன்றும் இல்லை. எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.