வடை மணந்த கார்

ஜேர்மனியில் என் பக்கத்து வீட்டுக்காரர் பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயில் கார் ஓட்டுகிறார். பூமியைக் காப்பாற்றுகிறாராம். நேற்று அரை மணி நேரம் எனக்கு வகுப்பெடுத்தார். எரிச்சலாக இருந்தது.

அந்தப் புகை எனக்குப் புதிதில்லை. போர் நடந்தபோது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடாமல் அரசு தடுத்த காலத்தில், மண்ணெண்ணெயில் சமையல் எண்ணெய் கலந்துதான் எங்கள் கார்கள் ஓடின. அது யாருடைய கொள்கையும் இல்லை. வேறு வழி இருக்கவில்லை.

அம்மாவுக்குப் பிரசவ வலி தொடங்கி, அச்சுவேலியிலிருந்து சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டது. அப்பாவும் நானும் தள்ளினோம். அசையவில்லை. சாரதி செல்வம் அண்ணை மருந்துப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசிப் பெற்றோலை, எஞ்சினைக் கிளப்புவதற்காகக் காபரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்.

அம்மா பின் சீற்றில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, உன்ரை கார் வடைக்கடை மாதிரி மணக்குது. எனக்குப் பசிக்குது."

"ஆஸ்பத்திரி வாசலிலை வாங்கித் தாறன் அக்கா. அதுவரைக்கும் பிள்ளையைப் பெத்துப்போடாதேங்கோ."

"அதைப் பிள்ளையிட்டைச் சொல்லு."

கார் இருமி இருமிக் கிளம்பியது. அன்று பின்னேரம் தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பிறந்தாள். செல்வம் அண்ணை சொன்னபடி வடையும் வாங்கி வந்தார்.

இன்று அந்தத் தங்கை பாரிஸிலிருந்து வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணை, ஆரோ வடை சுடுகினம்."

அவளுக்கு அந்த மணத்தில் வடை மட்டும்தான் இருக்கிறது. இருக்கட்டும். அந்த மனிதர் கையசைத்தார், நானும் அசைத்தேன்.