பூர்கி ஒப்பிட்ட நான்கு ஜோடி ஸ்கீ

நோட்புர்கா ஃபால்க்னரை ஆஸ்திரியாவின் டிரோலில், எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூர்கி என்றால் போதும். மலைக்கு ஆள் ஏற்றும் லிஃப்ட் நிலையத்துக்கு எதிரே, ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறாள். இளம்வயதில் மாகாண அணிக்காகப் பந்தயங்களில் சறுக்கியவள். முழங்கால் போனதும் பந்தயம் போயிற்று, வாய் மட்டும் அப்படியே இருந்தது. விடுதி முதலாளி புதிதாக வாங்கிய ஸ்கீயைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "வேலி கட்ட நல்லா இருக்கும்" என்பாள். ஆனால் அவள் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்ததால், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று எல்லோரும் அவளிடமே போய் நின்றார்கள்.

நான் அந்த லிஃப்டின் அடி நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் மேலே போனதையும் கீழே வந்ததையும் முதலில் பார்த்தவன் நான்தான்.

இன்ஸ்ப்ரூக்கில் இருந்து ஒரு மலைப் பத்திரிகை அவளை எழுதச் சொல்லிக் கேட்டது. பெரிய தொழிற்சாலைச் சரக்கு வேண்டாம். சிறிய பட்டறைகளில் கையால் செய்யும், விலை கூடிய ஸ்கீக்களில் நான்கை எடுத்து ஒப்பிட வேண்டும். எல்லாமே நடு அகலம். இறுகிய சரிவுக்கான ஒல்லிப் பலகையும் இல்லை, ஆழப்பனியில் மிதக்கும் தடித்த பலகையும் இல்லை. மலையின் எல்லாப் பனிக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்லி விற்கிற ரகம். ஒன்று சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தது, ஒன்று தெற்கு டிரோலில் இருந்து, இன்னொன்று ஃபோரார்ல்பெர்க்கில் இருந்து. நான்காவதைச் செய்தவன் எங்கள் பள்ளத்தாக்கின் வின்சென்ஸ் க்ரூனர், பூர்கியின் அக்கா சென்சியின் கணவன்.

விஷயம் தெரிந்ததும் சென்சி கடைக்கே வந்துவிட்டாள்.

"நல்லா எழுதினா, சொந்தக்காரின்னு ஊரே சொல்லும். மோசமா எழுதினா, நீயெல்லாம் ஒரு சொந்தக்காரியாடின்னு நான் கேப்பேன். பாத்து எழுது."

"அப்ப எப்படித்தான் எழுதச் சொல்ற?"

"அது உன் பாடு."

பூர்கி ஒழுங்காகத்தான் தொடங்கினாள். ஒரே சரிவு, ஒரே பூட்ஸ், அடியில் பூச ஒரே மெழுகு, நான்கு ஜோடிக்கும் விளிம்பை அவளே தீட்டினாள். பனி மட்டும் அவள் சொல்பேச்சுக் கேட்கவில்லை. காலையில் சரிவு கண்ணாடியாகக் கிடந்தபோது சுவிஸ் ஸ்கீ தண்டவாளத்தில் போவதுபோல் பிடித்துக்கொண்டு போனது. அதைக் கழற்றி ஃபோரார்ல்பெர்க் ஜோடியை மாட்டுவதற்குள் வெயில் ஏறிப் பனி கூழாகிவிட்டது. மறுநாள் வரிசையை மாற்றிப் போட்டாள். தெற்கிலிருந்து சூடான காற்று அடித்து எல்லாம் தலைகீழானது.

"நேத்து இது மாடு, லோயிஸ். இன்னைக்கு மான். நான் எதைன்னு எழுதுறது?" என்று என் ஜன்னலில் முட்டியபடி கேட்டாள்.

"ரெண்டையும் எழுது."

"காசு குடுத்து வாங்குறவன் மாட்டை வாங்குறானா மானை வாங்குறானான்னு அவனுக்குத் தெரியணுமில்ல?"

வின்சென்ஸின் ஜோடியை அவள் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தவள் நேரே லிஃப்ட் வரிசையில் போய் நின்றாள். எப்படி என்று கேட்டேன். "வாயை மூடு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மேலே போனாள். காட்டோரத்துப் பஞ்சுப்பனியிலும், மதியத்தின் கலைந்த பனியிலும், நிழல் விழுந்து மறுபடி இறுகிய இடத்திலும் அது அவள் நினைத்த இடத்தில் திரும்பியது. அன்று முழுக்க அதில் குறை தேடினாள், அகப்படவில்லை. "நாலு பேர்ல இவன்தானா நல்லா செஞ்சு தொலைக்கணும்? எவன் நம்புவான் என்னை?" என்று கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

அந்த வாரமே மியூனிக்கில் இருந்து வந்த ஒரு பல் மருத்துவர் விளிம்பு தீட்டக் கடைக்கு வந்தார். அவர் கையில் இருந்ததும் வின்சென்ஸின் பலகைதான். அதே மாதிரி, அதே நீளம். பூர்கி அவரை ஒரு காப்பியோடு உட்காரவைத்துவிட்டு அந்த ஸ்கீயோடு மேலே போனாள். இறங்கி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. முனை படபடவென்று அடித்துக்கொண்டதாம். வலது பலகை திரும்பினால் திரும்பினபடியே நின்றதாம். கடையில் போட்டுப் பார்த்தாள். விளிம்பு சரி, அடிப்பாகம் சமம். இரண்டு ஜோடியையும் முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தாள். அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. பட்டறை அவளுக்கு அனுப்பியது கேட்டதும் வளைந்தது. மருத்துவருடையது முரண்டு பிடித்தது.

அன்று மாலையே வின்சென்ஸின் பட்டறைக்குப் போனாள். கூடவே நானும் போனேன், சண்டை முற்றினால் விலக்கிவிட. பசை நாற்றத்துக்கு நடுவே அவன் நின்றிருந்தான்.

"எனக்கு அனுப்பினது பொறுக்கி எடுத்த ஜோடியா?"

"பின்ன? சந்தைக்கு யாராவது நொண்டி மாட்டை ஓட்டிட்டுப் போவாங்களா?"

"அந்த நொண்டி மாட்டைத்தான் பல் டாக்டருக்கு வித்திருக்க."

"நொண்டியெல்லாம் இல்ல, பூர்கி. அது மரம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராது. அவரு சறுக்குற வேகத்துக்கு அது அவருக்குத் தெரியவும் போறதில்ல."

"தெரியாதவங்கிட்டதான் இந்த விலை வாங்குறியா?"

வின்சென்ஸின் காது சிவந்தது. "நான் மட்டுமா பண்றேன்? மத்த மூணு பேரையும் கேட்டுப் பாரேன்."

கேட்டாள். சுவிஸ்காரர் சிரித்தார். ஃபோரார்ல்பெர்க்காரர் போனை வைத்துவிட்டார். தெற்கு டிரோல்காரர் மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு, "கொஞ்சம் பாத்துதாங்க அனுப்பினோம்" என்றார்.

அதன் பிறகு அவள் செய்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. வாடிக்கையாளர்கள் வாங்கிய ஜோடிகளைச் சோதிக்கப்போவதாகச் சொல்லிக் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றாள். இந்த நான்கு பட்டறைகளின் ஸ்கீயோடு வருகிறவர்களை மறித்து, கொஞ்ச நேரம் தருவீர்களா என்று கேட்டாள். ஹாம்பர்க்கில் இருந்து வந்த ஒரு அம்மாள் திருடி என்று நினைத்துக் கத்தியே விட்டார். ஒரு வார அலைச்சலில் இரண்டு ஜோடிதான் கிடைத்தன. சுவிஸ் ஜோடி, பட்டறை அனுப்பியதைவிட மட்டம். தெற்கு டிரோல் ஜோடியோ பட்டறை அனுப்பியதைவிட எவ்வளவோ மேல்.

"பொறுக்கி அனுப்பவும் தெரியல இவனுங்களுக்கு!" என்று லிஃப்ட் அறையின் சுவரைக் குத்தினாள். விரல் வீங்கியது.

கட்டுரையில் முதல் இடம் யாருக்கும் தரவில்லை. "நான் சறுக்கியது ஒன்று, உங்கள் கைக்கு வருவது வேறொன்றாக இருக்கலாம். பட்டறையில் இரண்டு ஜோடியாவது வளைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்" என்று எழுதி அனுப்பினாள். பத்திரிகை வந்தபோது அந்தப் பத்தியைக் காணோம். நான்கு ஸ்கீக்கும் நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தியிருந்தார்கள். வின்சென்ஸுக்கு மூன்றாம் இடம்.

போனில் ஆசிரியர் அமைதியாகப் பேசினார். "இடம் பத்தலைங்க. அதோட, வாசகருக்கு எது நல்லதுன்னு ஒரு பதில் வேணுமில்லையா?"

"நான் குடுத்ததுதான் பதில்!"

"அது பதில் இல்லைங்க, புகார்."

ஈஸ்டர் விருந்துக்குச் சென்சி அவளைக் கூப்பிடவில்லை. பூர்கி வெட்டப்பட்ட பத்தியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். சுற்றுலா வந்தவர்கள் நின்று முழுவதும் படித்தார்கள், தலையாட்டினார்கள். படித்து முடித்து உள்ளே வந்து, "சரி, இந்த நாலுல எது நல்லது?" என்று கேட்டார்கள். நாலைந்து பேருக்குப் பொறுமையாக விளக்கினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்று மட்டும்தான். "முழங்கால் போனப்போகூட இப்படி இல்ல, லோயிஸ். அப்ப என்ன போச்சுன்னாவது தெரிஞ்சுது" என்றாள்.

அடுத்த குளிர்காலத்தில் பத்திரிகை மறுபடி கேட்டது. மாட்டேன் என்ற ஒரே வார்த்தையோடு போனை வைத்தாள். கண்ணாடியில் ஒட்டியதைக் கேள்விப்பட்டு மற்ற மூன்று பட்டறைகளும் அவள் கடைக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. வின்சென்ஸ் மட்டும் டிசம்பரில் ஒருநாள் வந்தான். அடுக்கில் மேலே இருந்த இரண்டு ஜோடியை அப்படியே எடுத்து வந்து மேசைமேல் போட்டான்.

"பொறுக்கல. சென்சிமேல ஆணை. பாத்துச் சொல்லு."

அவள் சறுக்கிப் பார்த்துவிட்டு, ஒன்று தேவலை, மற்றது விறகு என்றாள். அவன் கத்தினான், இவளும் கத்தினாள், லிஃப்ட் வரிசையில் நின்ற பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். விறகு என்று சொன்னதை அவன் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அதை விற்றானா, உடைத்தானா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஜோடியோடு வந்துகொண்டிருக்கிறான், வந்தால் சண்டைதான்.