வாழை நார் கட்டிய குப்பி

என் மேசை இழுப்பறையில் விரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கிறது. கழுத்தில் காய்ந்த வாழை நார். உள்ளே, ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்த திரவத்தில் நிறமிழந்த மல்லாட்டை மொக்குகள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.

திண்டிவனத்துப் பண்ணையில் காட்டு மல்லாட்டையையும் வயல் மல்லாட்டையையும் கலந்து நான் வளர்த்தவற்றில் ஒரே ஒரு செடிதான் பிழைத்தது. அது காய்க்குமா, மலடாய் நிற்குமா என்பதில் என் மூன்று வருட ஆராய்ச்சி தொங்கிக்கொண்டிருந்தது. பதில் கடுகளவு மொக்குக்குள் இருந்தது. மகரந்தம் உருவாகுமுன் அங்கே குரோமோசோம்கள் மெல்லிய நூல்களாக நீண்டு, நுனிகளை ஒரு பக்கமாகக் குவித்து, அசைந்து அசைந்து தத்தம் இணையைத் தேடும். கண்டால் ஒட்டிக்கொள்ளும். காட்டு நூலும் வயல் நூலும் ஒன்றையொன்று அடையாளம் காணுமா? நட்ட நடுப்பகலில் பேருந்தில் உட்கார்ந்தும் எனக்கு அதே கனவுதான். தேடல் நடக்கும் நேரத்திலேயே மொக்கைப் பறித்துக் குப்பியில் போட்டுவிட வேண்டும்; அப்போது அசைவு அப்படியே உறைந்துவிடும்.

பறித்துத் தந்தவர் வல்லம் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்த அக்கா. நான் விழுப்புரம் போயிருந்த ஒரு நாள், மொக்குகளைக் குப்பியில் போடாமல் ஈரத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். மறுநாள் பெருமையாக நீட்டினார்.

“அந்தத் தண்ணி நாறுதும்மா. பூவு கருகிப்பூடும்னு மல்லி மொக்கு கணக்கா சுத்தி வெச்சேன். எப்படி ஃப்ரெஷ்ஷா கீது பாருங்க.”

நுண்ணோக்கியில் பார்த்தால் இணை தேடும் கட்டம் எப்போதோ கடந்துபோயிருந்தது. ஆத்திரத்தில் அழுதுகொண்டே கத்தினேன். அதோடு விடாமல் மேற்பார்வையாளரிடமும் போய்ச் சொன்னேன். இனி வரவேண்டாம் என்று அக்காவை நிறுத்திவிட்டார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அடுத்த நாள் காலை என் மேசையில் இந்தக் குப்பி இருந்தது. கூலி இல்லாமல், விடிந்ததும் வந்து பறித்துப் போட்டிருக்கிறார். எழுதத் தெரியாது, அடையாளத்துக்கு நார் கட்டியிருந்தார். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: “நாத்தத் தண்ணியிலயே போட்டுக்கீறேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. இனிமே அழுவ வேணாம்.”

மொக்கை நசுக்கிச் சாயமேற்றிப் பார்த்தேன். சிவந்த நூல்கள், நாரில் கட்டிய பூவைப் போல ஒரு முனையில் குவிந்திருந்தன. பல இடங்களில் இரண்டிரண்டாகச் சேரவும் தொடங்கியிருந்தன. அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை வல்லத்துக்குத் தேடிப் போனேன். வானூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வானூர் ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் போகவில்லை.

இப்போது விழுப்புரத்துக் கல்லூரியில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியில் அந்தக் காட்சியைக் காட்டுகிறேன். இந்த ஆண்டும் ஒரு மாணவி கேட்டாள்: “இவ்ளோ கரெக்டான நேரத்துல மொக்கை எடுத்தது யாரு மேடம்?”

குப்பியின் நாரை விரலால் திருகிக்கொண்டே, “நான்தான்” என்றேன்.