புதுவாயல் வரை நீண்ட சைக்கிள் பாதை

சனிக்கிழமை, பகல் ஒரு மணி. தங்கசாலைத் தெருவில் நான் அச்சுக் கோக்கும் அச்சகத்தின் மணி அடித்ததும் சைக்கிளை எடுத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்தாயிற்று. கேரியரில் ஆறணாவுக்கு வாங்கிய அல்வாப் பொட்டலம். போகவேண்டிய இடம் கல்கத்தா ரோட்டில் இருபத்து மூன்று மைல் தள்ளியிருக்கும் புதுவாயல். அங்கே பள்ளிக்கூடத்தில் என் மனைவி பரிமளம் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் சேர்ந்திருப்பது வாரத்துக்கு ஒன்றரை நாள்தான்.

"ரயில் இல்லையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. இருக்கிறது ஐயா. காலை வண்டி என் வேலை நேரத்துக்கு ஒத்துவராது. மற்ற நாளில் மாலை வண்டி நான் மை படிந்த கையைக் கழுவுவதற்குள் போய்விடும்; சனிக்கிழமை அதற்குக் காத்திருந்தால் இருட்டிவிடும். எனக்கு வாய்த்தது சைக்கிள்தான்.

அதற்கும் ஒரு நல்ல காலம் வந்தது. லாரிகள் உரசாமல் போக, பெரிய சாலையின் ஓரத்தில் கப்பியும் செம்மண்ணும் போட்டு, உருளை ஓட்டி, சைக்கிளுக்கென்றே பாதை அமைத்தார்கள். முதலில் மாதவரம் வரை, பிறகு புழல், பிறகு செங்குன்றம். பாதை ஒரு மைல் நீண்டது என்று கேள்விப்பட்டால், பரிமளம் ஒரு மைல் கிட்டே வந்துவிட்டதாக எனக்கு மனசு குதிக்கும். இப்போது புதுவாயலையே தொட்டுவிட்டது. இனி தினமும் போய்வருவது என்று முடிவுகட்டிவிட்டேன். அதை அவளிடம் சொல்லத்தான் இந்தப் பயணம்.

செங்குன்றத்தை அடைந்தபோது மணி இரண்டே கால். நெல் மண்டிகளின் உமி காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது. அங்கே காதர் பாய் சேர்ந்துகொண்டார். பழவேற்காட்டுக்காரர், சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராக விற்பவர். காரனோடையில் குடியிருக்கிறார்.

"இன்னா சார், சனிக்கெயம ஆனா உன் வண்டிக்கு றெக்க மொளைச்சுக்குது!"

என் முடிவைச் சொன்னேன். பாய் பெடலை மிதிப்பதையே நிறுத்திவிட்டார்.

"தெனமுமா? போவ வர நாப்பத்தாறு மைலு சார்! ஒரு வாரத்துல பேஜாராப் பூடுவே."

"பாதை வழுவழுன்னு இருக்கே, பாய்."

"பாத நல்லாத்தான் கீது. மிதிக்கறது பாதையா, நீயா?"

காரனோடையில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே அவர் வீடு. சின்ன ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம். டீ கொடுத்துவிட்டு, கிணற்றைக் காட்டினார், சமையற்கட்டைக் காட்டினார். "ஊட்ட நல்லாப் பாத்துக்கோ சார். தண்ணி கல்கண்டு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. எட்டு மைல் அப்பால் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். இவர் வீட்டுக் கிணறு எனக்கு எதற்கு?

பாலத்தைத் தாண்டி, தச்சூர் கூட்டுரோட்டையும் தாண்டினேன். பஞ்செட்டிக்கு அப்பால் மணி நாலு இருக்கும். புதிதாகப் போட்ட பாதையைக் காணவே காணோம். முழுக்க வைக்கோல்! மாசி மாத அறுவடை முடிந்து, அத்தனையையும் கொண்டுவந்து பாதையில் காயப்போட்டிருந்தார்கள். சங்கிலியில் வைக்கோல் சுற்றிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. கோலோடு ஓர் அம்மாள் வந்தாள்.

"எறங்கி உருட்டிக்கினு போய்யா!"

"அம்மா, இது சைக்கிள் பாதை."

"எங்க நெலத்து ஓரத்த உட்டுத்தானே பாத வந்துது? அறுப்புல இது எங்க களம். மத்த நாளு உன் பாத. இதுல இன்னா நாயம் கெட்டுப்போச்சு?"

அடாவடி! சர்க்கார் பாதையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே மணிச் சத்தம். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் சைக்கிளில் ஆடி ஆடி வந்தாள். "வழி, வழி!" என்று கத்தியவள் வைக்கோலில் ஏறி, அப்படியே சாய்ந்து விழுந்தாள்.

பரிமளம்!

நான் பதறி ஓடினேன். கோல்காரம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பயப்படாதய்யா. டீச்சருக்கு எறங்கத் தெரியாது. எறங்கணும்னா எங்க வைக்கோல் மேலதான் எறங்கும்."

தலையில் வைக்கோலோடு எழுந்து நின்றவளிடம் மூச்சுவிடாமல் என் முடிவைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"நாப்பத்தாறு மைல் மிதிச்சுட்டு வந்து தூங்கத்தானே போறீங்க? எனக்குத் தூங்கற ஆளு வேணாங்க. பேசற ஆளு வேணும்."

அவள் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துவிட்டேன். அவளே சொன்னாள்: "காதர் பாய் பழவேற்காட்டுக்கே திரும்பிப் போறாராம். காரனோடையில அவர் ஊடு சித்திரையில காலியாவுது. நான் பேசி வெச்சுட்டேன். நான் சொல்ற வரைக்கும் வாயத் தெறக்கக்கூடாதுன்னு பாய்கிட்டயும் சொல்லிட்டேன். உங்களுக்குப் பதினஞ்சு மைல், எனக்கு எட்டு. எறங்கறதுதான் இன்னும் வரல."

இரண்டு வருஷமாக மொத்தத் தூரத்தையும் நானே மிதித்துத் தீர்க்கவேண்டும் என்று இருந்திருக்கிறேன். என்னைப்போல மடையன் உண்டா! நசுங்கிப்போன அல்வாவைப் பிரித்து, மூன்று பேரும் அங்கேயே நின்று தின்றோம்.

திங்கட்கிழமை விடியலில் கிளம்பும்போது அவளும் சைக்கிளை எடுத்தாள். பேசிக்கொண்டே மிதித்ததில் எட்டு மைல் போனது தெரியவில்லை. பாய் வீட்டில் இன்னும் விளக்கேற்றவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, கீழே விழாமல் இறங்கினாள். சாத்திய கதவைப் பார்த்தபடி இருவரும் நின்றோம். சித்திரைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இத்தனை நாள் தாங்கியவனுக்கு இந்த ஒரு மாதம்தான் மலையாகத் தெரிந்தது.

"விழுந்துடாம போ" என்றேன்.

"இங்க வைக்கோல் இல்லையே, எப்படி விழுவேன்?" என்று சொல்லி, மரத்தை உந்திக்கொண்டு ஏறினாள்.

பாலத்தின் மேல் பனி இருந்தது. நடுப்பாலம் வரை அவள் மணியடித்துக்கொண்டே போனது கேட்டது. பிறகு கேட்கவில்லை. பட்டணம் இன்னும் பதினைந்து மைல்.