ஒரே மரத்தில் இரண்டு பேர்

கொரண்டைன் ஆற்றில் முப்பது வருஷம் படகு ஓட்டிய மூன்சாமி, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நாகலிங்கப் பூவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய அம்மா அங்கம்மா ஏழு வயதில் மதராஸிலிருந்து கப்பலேறி, தென்னமெரிக்காவில் கயானாவின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவள். ஊர்ப் பெயர்கூட அவளுக்கு மறந்துபோயிற்று. ஒரு கோயிலும் அங்கே உதிர்ந்து கிடந்த பூவும் மட்டும் மறக்கவில்லை. உள்ளங்கையைப் படம்போல் குவித்து, "நாகம் இப்படிக் குடை பிடிக்கும், உள்ளே லிங்கம் உட்கார்ந்திருக்கும்" என்று காட்டுவாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியோ, "அது தெய்வ மரம். இந்த மண்ணுல முளைக்காது" என்று அடித்துச் சொல்லிவிட்டார். அம்மாவும் போனாள், மனைவியும் போனாள். மூன்சாமி பாதி நாள் படகிலேயே குடியிருந்தார்.

அந்த வருஷம்தான் முதல்முறையாக, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஆற்றின் மேல்பக்கத்து லோக்கோனோ பழங்குடியினரின் ஊர் ஒன்றுக்குப் போனார். மழை விட்ட காலை. தண்ணீர் மேல் பனி படுத்திருந்தது. கரை நெருங்கியதும் எஞ்சினை நிறுத்தினார். படகு தானாக மிதந்தது. அப்போது ஒரு வாசனை வந்தது. மல்லிகையுமில்லை, பழமுமில்லை. யாரோ தலைகோதி எழுப்புவது மாதிரி இருந்தது. சரக்கை இறக்காமலே மணல்மேடு ஏறினார்.

மேட்டில் ஒரு நெடுமரம். கிளையில் பூக்காமல், அடிமரத்தைச் சுற்றித் தொங்கிய கொடி போன்ற தண்டுகளில் பூத்திருந்தது. செந்நிற இதழ்கள். நடுவே வளைந்த படம். அதற்குக் கீழே, அம்மா உள்ளங்கைக்குள் காட்டிய லிங்கம் அப்படியே இருந்தது. மூன்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"யோவ் படகுக்காரரே! காலையிலேயே ஊத்திக்கிட்டீரா?"

ஆற்றோரத்துக் கொச்சை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு, துடைப்பத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெத்ரொனெல்லா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மரவள்ளி ரொட்டி சுட்டு விற்பவள்.

"குடிக்கலம்மா. இது எங்க சாமி."

"உம்ம சாமியா? எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேருந்து இங்கதான் நிக்குது. உம்ம சாமி எப்பய்யா வந்தாரு?"

மூன்சாமி உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்துக் காட்டி, அம்மா சொன்னதையெல்லாம் சொன்னார். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"முதல்ல அந்தப் பக்கம் நகரும். பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கற அந்தக் காய் தலையில விழுந்தா நேரா உம்ம சாமிகிட்டயே போயிடுவீரு." பிறகு மெல்லச் சொன்னாள்: "இங்கதான் என் மகளைப் புதைச்சிருக்கு. ஆறு வயசு, காய்ச்சல். விடிஞ்சா புதுசா ஒரு பூ விரியுதுல்ல, அது அவ கண்ணு முழிக்கறதுன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். அதனால இதை யாருக்கும் பறிக்கத் தர்றதில்ல."

மூன்சாமி கையிலிருந்த பூவை அப்படியே மணலில் வைத்துவிட்டார். "தெரியாம எடுத்துட்டேன்மா."

அவள் அவரையும் பூவையும் மாறிமாறிப் பார்த்தாள். "உதிர்ந்ததைத்தானே எடுத்தீரு. வச்சுக்கும். உம்ம சாமியும் என் மகளும் ஒரே மரத்துல இருந்துட்டுப் போகட்டும். மரம் பெருசாத்தானே இருக்கு?"

மூன்சாமி அந்தப் பூவைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டு, கோயிலுக்குக் கொண்டுபோனார். பூசாரி நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இது காட்டுப் பூப்பா. அது வேற" என்றார். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, சிறுமியாகக் கப்பலில் வந்தவள், கண்பார்வை போனவள், மூக்கை உறிஞ்சி, சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"யார்டா நாகலிங்கம் கொண்டாந்தது?"

பூசாரி பாத்திரத்தை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார்.

அதன்பின் வாரம் ஒருமுறை மேட்டுக்குப் போனார். பூவுக்குப் போகிறேன் என்றுதான் படகுத்துறையில் சொல்லிக்கொண்டார். "பூவுக்கு எதுக்குய்யா புதுச் சட்டை?" என்று கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். இரண்டு மழைக்காலம் கழித்துப் போனவர் திரும்பி வரவில்லை. பெத்ரொனெல்லாவின் வீட்டுக்குப் புதுக் கூரை வேய்ந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

விடியற்காலையில் இருவரும் பூப் பொறுக்குவார்கள். அவள் அதை இரண்டு குவியலாகப் பிரிப்பாள். ஒன்று மகளைப் புதைத்த மேட்டுக்கு, ஒன்று அவர் சாமியாக நட்டுவைத்த கல்லுக்கு. ஒருநாள் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்சாமி தனியாகப் போனார். சிறுமியின் மேட்டிலேயே எல்லாப் பூவையும் வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டி ரொட்டி போட்டார்.

"உம்ம சாமிக்கு?" என்றாள் அவள், படுத்தபடியே.

"அதுவும் அங்கதான் இருக்கு" என்றார் அவர்.

பெத்ரொனெல்லா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தே, "ரொட்டி கருகுது பாரும்" என்றாள்.