விடுவிக்க இயலாது

1. திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, எங்கள் கிளினிக்கின் மூத்த தாதி அனுப்பியிருந்த பயிற்சி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மின்னஞ்சலில் திரும்பி வந்தது.

2. காரணம் ஒரே வரியில் இருந்தது. பணியிலிருந்து விடுவிக்க இயலாதவர் என்று பொறுப்பாளர் தெரிவித்துள்ளார்.

3. அந்தப் பொறுப்பாளர் நான்.

4. நான் அப்படி எதுவும் தெரிவிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கோப்பைத் திறந்தேன்.

5. தெரிவித்திருந்தேன். பதினான்கு மாதங்களாக, மாதத்துக்கு ஒரு முறை.

6. மேல்முறையீட்டுக்கு வியாழன் மாலை ஐந்து மணிவரை நேரம் இருந்தது.

7. நான் அக்கா என்று அழைக்கும் அந்தத் தாதி அப்போது டிரெஸ்ஸிங் அறையில் ஒருவருடைய காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது.

எங்கள் கிளினிக் மலாக்கா மாநிலத்தின் செலண்டார் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் இருக்கிறது. ஏழு தாதிகளுக்கான இடம். பொறுப்பாளராக இருந்த முந்தைய சிஸ்டர் பணி ஓய்வு பெற்றதும், நிரந்தரமாக ஒருவர் வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவருக்குக் கொடுக்காமல் எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்றால், என்னிடம் பட்டம் இருந்தது, அவரிடம் டிப்ளோமா இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. நோயாளிகள் முன்னால் என்னைச் சிஸ்டர் என்பார். தனியாக இருந்தால் “என்னம்மா” என்பார்.

மாதக் கடைசியில் ஆள் விவரப் பாரம் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். பெயர், பதவி, விடுப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: விடுவிக்கலாம், விடுவிக்க இயலாது. இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பொறுப்பாளர்களான எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் சேர்ந்த முதல் வாரமே அதில் ஒருவர் எழுதினார்: அந்தக் கட்டத்தில் யாருக்கும் ‘விடுவிக்கலாம்’ போடாதே. புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு பொறுப்பாளர் உண்மையை எழுதுவதாக நினைத்து ஒரே ஒரு பெயருக்கு அப்படிப் போட்டாராம். இரண்டு வாரத்தில் அந்தத் தாதியை வேறு கிளினிக்குக்கு இரவலாக எடுத்துக்கொண்டார்கள். அந்த இரவல் திரும்பி வரவே இல்லை.

அதனால் நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் ‘இயலாது’ என்றே போட்டோம். இருக்கிற ஆளைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. நான் ஒரு படி மேலே போய், அந்தக் கட்டத்தை மாதாமாதம் தானாகவே நிரம்பும்படி கணினியில் அமைத்து வைத்திருந்தேன். நேரம் மிச்சம் என்று அப்போது திருப்தியாக இருந்தது. பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர்களும் அதே பாரத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நான் யோசித்ததில்லை. அன்று காலை கோப்பில் ஏழு பெயர்களையும் பார்த்தேன். முதல் பெயர் என்னுடையது. என்னையும் விடுவிக்க இயலாது என்றுதான் இருந்தது.

உட்கார முடியவில்லை. எழுந்து போய் மருந்து அலமாரியைத் திறந்து காஸ் துணிக் கட்டுகளை எண்ணினேன். காலையில் ஏற்கெனவே எண்ணியிருந்தேன். மறுபடியும் அதே எண்ணிக்கை வந்தது. பதிவேட்டில் எழுதப்போய், எழுதாமல் மூடிவிட்டு, டிரெஸ்ஸிங் அறைக்கு நடந்தேன். வாசலில் நின்றேன். திரும்பினேன். மறுபடியும் போனேன்.

நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற லோரிக்காரர். செம்பனைக் குலை லோரியை முப்பது வருடம் ஓட்டியவர். இனிப்புநீர் நோய் முற்றி, வலது குதிகாலுக்கு மேலே ஒரு புண், கட்டைவிரல் நுனி உள்ளே போகும் அளவுக்கு ஆழம். பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்று சொன்ன பிறகு இங்கே வந்தவர். ஏழு மாதமாக அக்காதான் கட்டுகிறார். கால் இன்னும் இருக்கிறது.

“பெரிய மிஸ்ஸி, இன்னிக்கி சின்ன சிஸ்டர் என்ன வாசல்ல பாட்ரோல் பண்ணுறாங்க?” என்று அக்காவிடம் கேட்டார்.

“நீங்க திங்கக்கெழம சீனி போட்டு தே குடிக்கிறீங்களான்னு பாக்க வந்திருப்பாங்க.”

“கொசோங்தான் குடிக்கிறேன் லா, சீனி இல்லாம. சத்தியமா.”

“கொசோங்கோட என்ன கடிச்சீங்க?”

அக்கா சிரித்துக்கொண்டே கட்டை முடித்து, ஒட்டுத் துணியின் நுனியை நகத்தால் நீவிவிட்டார்.

அவர் போனதும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அக்கா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

“யாரு எழுதுனது?”

“நான்தான்க்கா. எல்லாருக்கும் அப்படித்தான் போட்டேன்.”

“நான் வேலைய நல்லாத்தானே செஞ்சேன்.”

“நல்லா செய்யிறதாலதான்க்கா.”

“அப்ப கொஞ்சம் மோசமா செஞ்சிருக்கணும், சிஸ்டர்.”

அறையில் வேறு யாருமே இல்லை. அவர் சிஸ்டர் என்றார்.

அது புண் பராமரிப்புக்கான ஆறு மாதப் பயிற்சி. அக்கா விண்ணப்பிப்பது மூன்றாவது முறை. முதல் தடவை பிள்ளைகள் சின்னவர்கள், தானே விலகிக்கொண்டார். இரண்டாவது தடவை, போன வருடம், என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. எனக்கு இப்போது தெரிந்தது: அப்போதும் அந்தக் கட்டம்தான். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். அந்தச் சான்றிதழ் இருந்தால் எங்கள் கிளினிக்கிலேயே கால் புண்ணுக்குத் தனிப் பிரிவு திறக்கலாம், தோட்டத்து ஆட்கள் இரண்டு பஸ் மாறி மலாக்கா நகருக்குப் போக வேண்டியதில்லை. இதை அவர் விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். மலாயில், தன் கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல்.

மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பயிற்சிப் பிரிவில் இருந்த மலாய் அம்மையார் பொறுமையாக விளக்கினார். ‘விடுவிக்கலாம்’ என்று திருத்தி எழுதினால் போதாது. அவர் வேலையைச் செய்ய இன்னொருவர் தயாராக இருக்கிறார் என்று காட்ட வேண்டும். மேற்பார்வையில் ஐந்து டிரெஸ்ஸிங். அதில் ஒன்றாவது ஆழமான புண். கையெழுத்துகளோடு வியாழனுக்குள்.

பட்டியல் போட்டேன். யார் தயார்? ஒருவரும் இல்லை. பதினான்கு மாதமாகக் கால் புண் என்றால் அக்கா, சின்னப் புண் என்றாலும் அக்கா. மற்றவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யவே இல்லை. வேலை அட்டவணையில் ஒவ்வொரு நாளும் டிரெஸ்ஸிங் அறைக்கு எதிரே ஒரே பெயர். அட்டவணை அழகாக இருந்தது. வண்ணம்கூடக் கொடுத்திருந்தேன்.

கடைசியாக எங்களிடம் சேர்ந்த மலாய்த் தாதியைக் கேட்டேன். கை நடுங்காதவள், கேள்வி கேட்கிறவள். சரி என்றாள். அடுத்த சிக்கல், ஆழமான புண் அப்போது எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லோரிக்காரருடையது. அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவர். திங்கள் முடிந்துவிட்டது. மிச்சம் புதன்.

அன்று குருபோங்கில் இருக்கும் என் வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தும் கார் ஓட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டேன். மேல்முறையீட்டுக் கடிதத்தை மூன்று விதமாக எழுதி மூன்றையும் அழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வாக்கியம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை சின்னப் புண்கள் மூன்று வந்தன. மலாய்த் தாதி கட்டினாள், அக்கா பக்கத்தில் நின்றார், நான் பதிவேட்டோடு நின்றேன். முதல் டிரெஸ்ஸிங்கில் பாதி வழியிலேயே அக்கா அவள் கையிலிருந்து ஃபோர்செப்ஸை வாங்கி மீதியைத் தானே முடித்துவிட்டார். கோபத்தில் இல்லை. கை தானாகப் போனது. கட்டி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“இத எண்ண முடியாதுக்கா,” என்றேன்.

“அவ ஓரத்த விட்டுட்டா.”

“சொல்லுங்க. வாங்காதீங்க.”

இரண்டாவதில் மறுபடியும் வாங்கினார். மூன்றாவதில் நான் அவருடைய மணிக்கட்டைத் தொட்டேன், நிறுத்திக்கொண்டார். மாலைக்குள் வேறு மூன்று பேர் வந்ததால் நான்கு டிரெஸ்ஸிங் எண்ணிக்கையில் சேர்ந்தது. போகும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “நீ பாரத்துல எழுதுன. நான் எழுதாமயே அதத்தான் செஞ்சிருக்கேன் போல.” அது எனக்கு ஆறுதல் இல்லை. ஆனால் அதில் சிஸ்டர் இல்லை.

புதன்கிழமை லோரிக்காரர் வந்து, வழக்கம்போல் காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார். மலாய்த் தாதி கையுறை போடுவதைப் பார்த்ததும் காலைக் கீழே இறக்கினார்.

“வேணாம். நான் காத்திருக்கேன். பெரிய மிஸ்ஸி வரட்டும்.”

“இங்கதானே நிக்கிறேன் அண்ணே.”

“அப்ப நீங்க கட்டுங்க. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. வலிச்சா நான் எப்படிச் சொல்லுறது?”

“முப்பது வருஷம் மலாய் பேசித்தானே லோரி ஓட்டுனீங்க அங்கிள்,” என்றேன்.

“அது திட்டுறதுக்கு லா, சிஸ்டர். வலிய எல்லாம் அதுல சொன்னதில்ல.”

மலாய்த் தாதிக்குப் புரியவில்லை. சலைன் புட்டியைப் பிடித்தபடி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து கிளினிக் விதிமுறை என்று ஏதோ தொடங்கினேன். அக்கா குறுக்கிட்டார்.

“அண்ணே, நான் ஆறு மாசம் படிக்கப் போகணும். விடமாட்டேங்கிறாங்க. ஏன்னு கேளுங்க.”

“ஏன்?”

“ஒங்க கால என்னைத் தவிர யாரும் பாக்க முடியாதாம்.”

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் அந்த ‘விடமாட்டேங்கிறாங்க’ என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“படிச்சிட்டு இங்கயே வருவீங்களா? இல்ல, பெரிய ஆஸ்பத்திரில பிடிச்சி வச்சிக்குவாங்களா?”

“வருவேன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“எழுதிக் கொடுத்ததெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு இந்த கிளினிக்குல,” என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

பிறகு காலை மறுபடியும் முக்காலியில் வைத்து, அந்தப் பெண்ணிடம் மலாயில், மெதுவாகச் செய், நான் கத்தினால் நிறுத்து என்றார்.

பழைய கட்டைப் பிரிக்கவே அவள் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். குழிக்குள் காஸை நிரப்பும்போது அவர் நாற்காலிக் கையைப் பிடித்தார். ‘சாகிட்’ என்றார். வலிக்கிறது. அவள் உடனே நிறுத்தினாள். அவர் தலையாட்டியதும் தொடர்ந்தாள். அக்கா இரண்டு கைகளையும் சீருடைப் பைகளுக்குள் முழுக்கத் திணித்து வைத்திருந்தார். பைத்துணி வழியாக விரல்கள் அசைவது எனக்குத் தெரிந்தது. இரண்டு முறை வாயால் மட்டும் சொன்னார்: இன்னும் கொஞ்சம் உள்ளே, ரொம்ப அழுத்தாதே. மற்றபடி ஒரு முறைகூடக் கை வெளியே வரவில்லை. வழக்கமாக இருபது நிமிட வேலை, அன்று ஐம்பது நிமிடம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை கோப்பை எடுத்துக்கொண்டு நானே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம். அன்று இருக்கையில் இருந்தால் இன்னும் ஒரு முறை காஸ் எண்ணியிருப்பேன். பயிற்சிப் பிரிவு அம்மையார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாதப் பாரத்தின் புதிய பிரதியையும் கேட்டார். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமாம். அங்கேயே ஒரு பாரம் கொடுத்தார்.

ஏழு பெயர்களையும் கையால் எழுதினேன். அக்காவுக்கு எதிரே ‘விடுவிக்கலாம்’. மலாய்த் தாதிக்கு ‘இயலாது’, அது இப்போது உண்மை. மற்றவர்களிடம் வந்ததும் பேனா நின்றது. பதிவு மேசையில் இருக்கும் தாதியை வாரத்தில் ஒரு நாள் விட முடியும். அது எனக்கு நன்றாகத் தெரியும். பழையபடி ‘இயலாது’ போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒன்று உண்மை, மற்றதெல்லாம் பழக்கம் என்று ஒரு பாரத்தைக் கொடுத்துவிட்டு அதை நம்புங்கள் என்று நான் எப்படிச் சொல்வது. அவளுக்கும் ‘விடுவிக்கலாம்’ போட்டேன். வாரம் ஒரு நாள் என்று பக்கத்தில் எழுதினேன்.

அம்மையார் அந்த இரண்டு குறிகளையும் விரலால் தொட்டு, நிச்சயமாகவா, இதை எல்லோரும் பார்ப்பார்கள் என்று மலாயில் கேட்டார். நிச்சயம் என்றேன். அப்போது மணி மூன்றேமுக்கால்.

வாட்ஸ்அப் குழுவில் விஷயம் தெரிந்ததும் ஒருவர், வழி திறந்துவிட்டாய், இனி எங்களையும் கேட்பார்கள் என்று எழுதினார். இன்னொருவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். வாழ்த்தா கிண்டலா என்று நான் கேட்கவில்லை.

இன்றைய நிலை இது. அக்காவுக்கு இடம் கிடைத்தது. பயிற்சியில் இரண்டு மாதம் முடிந்திருக்கிறது, நான்கு மாதம் மிச்சம். அவர் இடத்துக்கு இதுவரை யாரும் வரவில்லை. பதிவு மேசைத் தாதியை வாரம் ஒரு நாள் என்று கேட்டு வாங்கினார்கள். இப்போது வாரம் மூன்று நாள். அந்த நாட்களில் ஏழு பேர் வேலையை ஐந்து பேர் செய்கிறோம். டிரெஸ்ஸிங் அறை அட்டவணையில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. லோரிக்காரரின் புண் சிறுத்திருக்கிறது, மூடவில்லை. மாதப் பாரத்தை நான் கையால் எழுதுகிறேன். நான் இன்னும் தற்காலிகப் பொறுப்பில்தான் இருக்கிறேன்.