ஹெட்லைட்டில் குங்குமம்

என் வீட்டுக்காரருக்கு வாய் பேசும் முன்னே கை பேசும். கல்யாணமான மூன்றாம் நாள், காப்பி ஆறிப்போச்சு என்று டம்ளரை என் மேல் எறிந்தவர். அறுபதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் கார் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் எங்கள் வீடும் ஒன்று. கறுப்புச் சீமைக் கார். ஓட்ட வாங்கியதில்லை, இருக்கிறது என்று சொல்ல வாங்கியது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் விருந்தாளிகளோடு இரண்டு நடை போகும். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும்.

டிரைவர் அண்ணாச்சி புளியங்குடியில் எலுமிச்சை லாரி ஓட்டுகிறவர். சொல்லியனுப்பினால் வருவார். வரும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்.

“வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டணும் மொதலாளி. சும்மா நின்னா பாட்டரி தானா எறங்கிரும்.”

“பெட்ரோலு ஒங்கப்பனா ஊத்துவான்?”

அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதில் என் பங்கும் உண்டு. கார் வந்த அன்று என் மாமியார், வந்தவள் லட்சுமி, இவளை இருட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லி, ஹெட்லைட்டுக்குக் குங்குமம் வைத்து இரண்டு லைட்டையும் போடவைத்தார். அவர் காலமான பிறகு வெள்ளிதோறும் அது என் வேலை. இவர் வீடு திரும்பும் முன்னே சாமி விளக்கை ஏற்றிவிட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சுவிட்சைப் போடுவேன். சாமி விளக்கு அமரும்வரை அதுவும் எரியும். எஞ்சின் ஓடினால்தான் பாட்டரி ஏறும் என்பது எனக்கு எங்கே தெரியும்? கடைசி இரண்டு வெள்ளியும் லைட் மஞ்சளடித்தது. பல்புக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆனியில் என் நாத்தனாரைப் பெண் பார்க்கத் திருநெல்வேலிக்காரர்கள் வந்தார்கள். சனிக்கிழமை. அருவிக்குக் காரில் கூட்டிப்போவதாக இவர் வாய் நிறையச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா தலை வழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு அப்போது ஆறு மாதம்.

டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லை. இறங்கி முன்பக்கம் வந்தவர், முந்தின நாள் நான் வைத்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து இரண்டு லைட்டையும் அழுத்தித் துடைத்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

எஞ்சினைக் கையால் சுழற்றும் இரும்பு ஹேண்டிலை முன்னால் மாட்டி வேர்க்க வேர்க்கச் சுற்றினார். வண்டி அசையவில்லை. வாசலிலிருந்து எண்ணெய்த் தலை சிரித்தது. “பேசாம மாட்டுவண்டியப் பூட்டச் சொல்லும்வே.”

அந்தச் சிரிப்புதான். இவர் கொட்டகைக்குள் பாய்ந்து ஹேண்டிலைப் பிடுங்கினார். “ஏலே செத்த மூதி, லைட்ட எரியவிட்டுட்டுப் போனியாலே?”

“ஆமா மொதலாளி. போன தடவ அணைக்க மறந்துட்டேன்.”

குங்குமத்தை அவர் எதற்குத் துடைத்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் அடி தோளில். இரண்டாவது முட்டியில். விழுந்தவர் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். மூன்றாவது அடி அந்தக் கையில் விழுந்தது. காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். ‘நான்தான் போட்டேன்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த இரும்பு என் பக்கம் திரும்பும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சண்டாளி நான்.

வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் அந்தக் கை நேராகவில்லை. லாரி வேலை போயிற்று. அடுத்த சாரலில் குற்றாலத்துப் பழக்கடை ஒன்றில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என் இடுப்பில் பிள்ளை. “ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீரு?” என்றேன். அவர் பிள்ளையின் கை இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். “நல்லா இருக்கான் தாயி” என்றார்.

அந்தப் பிள்ளை ஒன்பது வயதில், இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டி என்னிடம் பெருமையாகக் காட்டினான். எனக்கு அண்ணாச்சியின் ஒடிந்த கைதான் கண்ணில் தெரிந்தது. ஓடிப்போய் இழுத்து இறக்கி, மாறி மாறி அறைந்தேன். எதற்கு அடித்தேன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.